தெர்மாகோல் விமானமும் இருநூற்றுப் பதினான்கு பாயிண்டுகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. போட்டுகளில் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., மீன் காட்டும் மிஷின் எது கெட்டாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. பெயர் பிராங்கிளின், வீடு ராயபுரம், மனைவி கரோலின் பள்ளிக்கூடத்தில் கிளார்க். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஏரோப்ளேன் பைத்தியம் பிடித்தது. ஏன் பிடித்தது என்று கரோலினும் பலமுறை கேட்டுப் பார்த்தாள். பிடித்தது, அவ்வளவுதான்.

மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளை வெட்டி இறக்கை செய்தேன். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கவிச்சி போகவில்லை. "பறக்கிற கருவாடு" என்று கரோலின் அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். மூக்கில் சின்னதாக ஒரு கேமரா. கேமரா பார்ப்பதைக் கீழே இருக்கும் எனக்கு அனுப்ப ஒரு டிரான்ஸ்மிட்டர். என் கண்ணில் பெட்டி மாதிரி ஒரு கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டால் பைலட் சீட்டில் நானே உட்கார்ந்திருப்பேன்.

கடையில் வாங்கிய டிரான்ஸ்மிட்டர் தீப்பெட்டி அளவுதான். அறுநூறு மீட்டர் தாண்டினால் படம் போய்ப் புள்ளி புள்ளியாகக் கொட்டும். அறுநூறு மீட்டர் என்பது கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கொட்டிவைத்திருக்கும் கல்லுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம். அதைப் பார்க்க ஏரோப்ளேன் எதற்கு, கல் மேல் ஏறி நின்றாலே தெரியுமே! பெரிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அது கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, லைசென்ஸ் எங்கே என்று கடிதம் வந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. நாமே செய்துகொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் அன்பரசன் என்று ஒரு பழைய கேபிள் டி.வி.க்காரர். பெரிய குடை டிஷ் காலத்து ரிசீவர்கள் பதினொன்று அவர் பரணில் கிடந்தன. "எடுத்துகினு போ நைனா, எடமாச்சும் காலியாவும்" என்றார். ஒவ்வொன்றின் வயிற்றிலும் தகரத்தில் ஒரு டப்பா இருக்கும். அதற்குள் அலையைப் பிறப்பிக்கிற சின்ன சர்க்யூட். அதைக் கழற்றி, கேமராவின் படத்தை அதன் மேல் ஏற்றி, பின்னால் ஒரு ஆம்ப்ளிஃபயர் சேர்த்து, சூடு இறங்க ஜன்னல் அலுமினியத்தில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் டிரான்ஸ்மிட்டர் ரெடி. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு நான்கு மாதமும் ஏழு டிரான்சிஸ்டரும் ஆயிற்று. எட்டாவது டிரான்சிஸ்டர் எரியவில்லை.

எந்த அலைவரிசையில் விடுவது? இங்கேதான் என் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். புத்தகத்தைத் திறக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. பரணிலிருந்து வந்த இன்னொரு ரிசீவரை டி.வி.யில் மாட்டி அதன் குமிழைத் திருப்பிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் செல்போன் டவர் கோடு கோடாக விழுந்தது. ஓரிடத்தில் எதுவோ டிக் டிக்கென்று வெட்டியது. ஒரே ஓர் இடம் சுத்தமாக, ஆளில்லாத பெஞ்சு மாதிரி காலியாக இருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் பறக்கவிட்டேன். காலை ஆறே முக்கால் மணி, எண்ணூர் போகிற ரோட்டோரம், கல் கொட்டிய கரை. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் தூங்கின. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எதுவும் பறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அனுமதி கேட்டால் இல்லை என்பார்கள், அதனால் கேட்கவில்லை. ஏரோப்ளேன் இரண்டு கிலோமீட்டர் கடலுக்குள் போயிற்று, படம் ஒரு புள்ளி கூடக் கொட்டவில்லை. கரைக்கு வருகிற போட்டுகள், நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள், தண்ணீரின் நிறம் மாறுகிற கோடு, எல்லாம் என் கண்ணுக்கு உள்ளே. வயதான ஆள் என்று கூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். தினமும் பதினெட்டு நிமிடம் பறப்பேன், பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். ஏழரைக்கு வந்து கடை திறந்துவிடுவேன்.

அந்த வாரத்திலிருந்தே போட்டு டிரைவர்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே புகார். காலையில் கரைக்குக் கிட்டே வரும்போது ஜி.பி.எஸ்.ஸில் சாட்டிலைட் போய்விடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறது. செட்டைக் கடையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேருக்கு ஆன்டெனா மாற்றிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு, "நேவிக்காரன் எக்சர்சைஸ் பண்றான்பா, அதான்" என்று பெரிய மனிதர் மாதிரி விளக்கமும் சொன்னேன். நம்பிக்கொண்டு போனார்கள்.

இங்கே ஜி.பி.எஸ். என்றால் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். எங்கள் துறைமுகத்தில் அது வழி காட்டுகிற பெட்டி மட்டும் இல்லை. எந்த இடத்தில் வஞ்சிரம் கூடும், கடலடியில் எந்தப் பாறைப் பாரில் சங்கரா கிடக்கும், எங்கே முழுகின கப்பல் வலையைக் கிழிக்கும் என்று ஒவ்வொரு டிரைவரும் வருடக் கணக்காகக் கண்டுபிடித்து அதில் அமுக்கி வைத்திருப்பான். அதற்குப் பெயர் பாயிண்ட். பாயிண்ட் உள்ள பக்கத்தை அடுத்தவன் பார்க்கக் கூடாது. கூடப்பிறந்த தம்பிக்கும் காட்டமாட்டார்கள். ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் குந்திக்கொண்டு என் கையையே பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் மாட்டவே விடமாட்டார்கள், அதனால் வேறு எங்கும் பிரதி இருக்காது. செட்டோடு போனால் போனதுதான்.

ஜெகதீசன் ஒருத்தன்தான் செட்டைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவன். அவனும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதோடு அவன் அப்பாவோடு கடலுக்குப் போனான், நான் படித்துக் கிழித்தேன். ரமாபாய் அம்மாவின் போட்டுக்கு அவன்தான் டிரைவர். அவன் செட்டில் இருநூற்றுப் பதினான்கு பாயிண்ட். அதை அவன் சம்பளம் மாதிரி சொல்லிக்கொள்வான், எங்கே என்று மட்டும் சொல்லமாட்டான்.

அன்றைக்குப் புதன்கிழமை. தை மாதப் பனி கடலோடு படுத்துக் கிடந்தது. கரையில் நின்றால் ஒன்றும் தெரியவில்லை, ஏரோப்ளேன் மேலே ஏறியதும் எல்லாம் தெரிந்தது. வெள்ளையாகப் பனி, அதற்கு மேல் போட்டுகளில் டிரைவர் நிற்கிற கூண்டின் கூரையும் கொடிக் கம்பமும் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. இதற்காகத்தான் நான்கு மாதம் விரலைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன். ஒரு மஞ்சள் கூரை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அப்போது காதில் மாட்டியிருந்த போன் அடித்தது.

"டேய் பிராங்கு, சாட்டிலைட்டு புட்டுகிச்சிடா" என்றான் ஜெகதீசன்.

"எங்க கீற?"

"எங்க கீறேன்னு தெரிஞ்சா உனுக்கு இன்னாத்துக்குடா போன் பண்றேன்? பனி கண்ண மறைக்குது. எங்கியோ கப்பல் இன்ஜின் சத்தம் வேற கேக்குது. பேஜாரா கீது, சீக்கிரம் சொல்லு."

"மெனுவ அமுக்கு. லிஸ்ட்டு வருதா? ரெண்டாவது லைனுக்கு வா. என்டர் அமுக்கு."

"ரெண்டு வார்த்த காட்டுது. எத்த அமுக்க?"

"மொதல்ல கீறத அமுக்கு. சாட்டிலைட்ட புச்சா தேடும், அஞ்சி நிமிசம் ஆவும்."

அமுக்கினான். அந்த நேரம் காற்று ஒரு பக்கம் தள்ளியதில் என் விமானம் சாய்ந்தது, அதைப் பிடித்து நிமிர்த்துவதில் இருந்தேன். புதிதாகத் தேடு என்பது அப்போது என் கடை மேஜை மேலிருந்த செட்டில் இரண்டாவது வரி. ஜெகதீசனுடைய செட்டு வேறு கம்பெனி. அதில் அது மூன்றாவது வரி. இரண்டாவது வரி, எல்லாவற்றையும் அழி; அவன் அமுக்கிய முதல் வார்த்தை, ஆமாம். கடையில் உட்கார்ந்து யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூட இதைத் தப்பாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

ஏழு மணிக்கு விமானத்தை இறக்கினேன், பேட்டரியைக் கழற்றினேன். எட்டு மணிக்குப் பனி விலகியது. பத்து மணிக்கு ஜெகதீசன் செட்டை லுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணு கூட இல்லடா. பாயிண்ட்டு பக்கம் தொறந்தா வெள்ளையா கீது."

வாங்கிப் பார்த்தேன். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. சொல்வதற்காக வாயைத் திறந்தேன், அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நீ கரெக்டா தான் சொல்லியிருப்ப. நான்தான் எத்தயோ அமுக்கிட்டேன். இங்கிலீசு தெரியாத கஸ்மாலம், எனுக்கு வேணும்." தலையில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டான்.

நான் அவன் கையைப் பிடித்து, "வுடுடா, பாத்துக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் சொன்ன வரிதான் தப்பு என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருடப் பாயிண்ட் போன மனிதன் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் டிரான்ஸ்மிட்டரில் ஒரு ஒயர் ஆடுகிறது என்று கடை மேஜையில் வைத்து ஆன் செய்தேன். மேஜையில் ரிப்பேருக்கு வந்த மூன்று ஜி.பி.எஸ். ஓடிக்கொண்டிருந்தன. மூன்றிலும் ஒரே நேரத்தில் சாட்டிலைட் போயிற்று. ஆஃப் செய்தேன், ஒரு நிமிடத்தில் மூன்றிலும் வந்தது. மறுபடியும் ஆன், மறுபடியும் போயிற்று. ஐந்து தடவை செய்து பார்த்தேன், ஆறாவது தடவைக்குத் தைரியம் வரவில்லை.

மேஜையிலிருந்த ஜி.பி.எஸ். ஆன்டெனா ஒன்றைத் திருப்பினேன். அடியில் 1575 என்று அச்சடித்திருந்தது. சாட்டிலைட் பேசுகிற அலைவரிசை. இருபத்திரண்டு வருடமாக ஆயிரம் ஆன்டெனா விற்றிருப்பேன், ஆயிரத்திலும் இந்த எண் இருந்தது. சாட்டிலைட் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து முணுமுணுக்கிறது. அது என் ஓட்டை ரிசீவருக்குக் கேட்காது, அதனால் அங்கே ஆளே இல்லை என்று நான் முடிவு கட்டினேன். காலியாக இருந்தது என்று உட்கார்ந்த இடத்தில் துறைமுகத்தின் அத்தனை போட்டுகளும் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. நேவிக்காரனாம், எக்சர்சைஸாம். என் வாயில் மண்ணைப் போட!

டிரான்ஸ்மிட்டரைக் கட்டிங் பிளேயரால் இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பாயிண்டும் திரும்பி வரவில்லை.

ஜெகதீசன் பாயிண்ட் இல்லாமலே ஒரு டிரிப் போய்வந்தான். ஐந்து நாள் டீசல், ஐஸ், ஏழு ஆள் சாப்பாடு. இறங்கியது பாதிப் பெட்டி மீன், அதுவும் விலை போகாத கலப்பு. ரமாபாய் அம்மா கரையில் நின்று எல்லோர் எதிரிலும் கேட்டார். "ஸ்டீரிங்கு புடிக்க ஊர்ல ஆயிரம் பேரு கீறான் ஜெகதீசா. மீனு கீற எடம் தெரிஞ்ச ஆளுதான் எனுக்கு வேணும். அடுத்த டிரிப்பும் இப்டின்னா வேற டிரைவர பாத்துக்கறேன், கோச்சிக்காத." அம்மா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஜெகதீசன் தலையை ஆட்டிவிட்டு வலையை மடிக்கப் போனான். ஐம்பதை நெருங்குகிறவனை, அதுவும் பாயிண்ட் இல்லாதவனை, வேறு எந்த போட்டில் டிரைவராக எடுப்பார்கள்? கூலிக்கு வலை இழுக்கத்தான் கூப்பிடுவார்கள்.

இப்போது இன்னொரு கேவலத்தைச் சொல்ல வேண்டும். அவனுடைய பாயிண்ட் என்னிடம் இருந்தது.

இரண்டு வருடம் முன்னால், மீன்பிடித் தடைக்காலத்தில், போட்டுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோது வழக்கம்போல செட்டுகள் சர்வீசுக்கு வந்தன. அந்த வருடம் நிறைய செட்டுகளில் உள்பேட்டரி கசிந்திருந்தது, கழற்றினால் பாயிண்ட் போய்விடலாம். அதனால் கழற்றும் முன் ஒவ்வொன்றையும் என் லேப்டாப்பில் பிரதி எடுத்தேன். பக்கத்தில் ஸ்டூலில் குந்தியிருந்தவனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு எடுத்தேன். பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. முப்பத்தோரு போட்டின் ரகசியம் என் பையில் இருக்கிறது என்பதில் ஒரு சுகம் இருந்தது, வேறு காரணம் கிடையாது. யாருக்கும் விற்கவில்லை, யாருக்கும் காட்டவில்லை. ஆனால் ஓரிரு தடவை திறந்து பார்த்திருக்கிறேன்.

தெரிந்தால் இந்தத் துறைமுகத்தில் ஒருத்தன் என்னிடம் ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கொடுக்கமாட்டான். பாயிண்டைக் கொடுக்காமல் இருந்தால் ஜெகதீசனின் வேலை போய்விடும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் கரோலினிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. "குடுத்துடு" என்றாள். "எப்டி வந்துச்சின்னு கேட்டா உள்ளத சொல்லு."

"சொன்னா கடைய மூட வேண்டியதுதான்."

"மூடு. அவரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நீ கட நடத்தப் போறியா? பீலா வுட்டு குடுத்தன்னா அது குடுத்ததே இல்ல, சொல்ட்டேன்."

அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். மறுநாள் காலையில் ஜெகதீசனைக் கூப்பிட்டு, அவன் செட்டில் பாயிண்டுகளை ஏற்றி வைத்துவிட்டு, "ஒரு சாஃப்ட்வேர் கெடச்சிதுடா. அழிஞ்சத தோண்டி எடுக்கும். எல்லாம் வரல, நூத்தி எண்பத்தேழு வந்துகிது" என்றேன்.

என்னைத் தூக்கிவிட்டான். நாற்பத்தொன்பது வயதில், எழுபத்தெட்டு கிலோவை, இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். கண்ணில் தண்ணீர். சந்துக்கு ஓடிப்போய், "டேய், போன பாயிண்ட தோண்டி எடுத்துட்டான்டா நம்ம பிராங்கு! சாமிடா இவன்!" என்று கத்தினான். டீக்கடையில் இருந்தவனெல்லாம் எட்டிப் பார்த்தான். எல்லோருக்கும் டீ சொன்னான். நானும் சிரித்துக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.

பிறகு அவன் என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். அவன் எழுத்தில் பெயர் வைக்கமாட்டான், படம்தான். மீன் படம், நங்கூரம், நட்சத்திரம். "வந்தியா கண்ணு… இது தோ, புரட்டாசில கொட்ன எடம்… இவன் வந்துட்டானா, பலே" என்று குழந்தைகளைக் கொஞ்சுகிற மாதிரி பேசிக்கொண்டே இருந்தான். நடுவில் பேச்சு நின்றது.

"இது இன்னாடா?" என்றான்.

எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கொடிப் படம் போட்டு ஒரு பாயிண்ட்.

"பாயிண்ட்டு" என்றேன்.

"இது உச்சிமாகாளி வுழுந்த எடம்."

எனக்கு நினைவு வந்தது. உச்சிமாகாளி தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், ஜெகதீசனோடு போட்டில் வலை இழுத்தவன். இரண்டு வருடம் முன்னால் மாசி மாதத்தில், வலை ஏற்றும்போது கடலில் விழுந்தான், உடம்பு கிடைக்கவில்லை. துறைமுகமே அந்தத் துக்கத்தை அறியும். அவன் விழுந்த நொடியில் ஜெகதீசன் இடத்தைச் செட்டில் அமுக்கி வைத்திருக்கிறான், அது மட்டும் எனக்குத் தெரியாது.

"இத நான் அழிச்சிட்டேன்" என்றான். "டிரிப்பு போறப்பல்லாம் இந்தக் கொடி எதிர்ல வந்து நின்னுச்சி. தாங்க முடியல. ஆனி மாசம், தடைக்காலம் முடிஞ்சி போனப்போ, என் கையால அழிச்சேன்."

"அது… அழிஞ்சதெல்லாம் தோண்டும்டா அந்த சாஃப்ட்வேரு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. செட்டை மறுபடி மேலும் கீழும் தள்ளினான். நிதானமாகத்தான் பேசினான். "நானும் அதான் நெனச்சேன். ஆனா போன வருசம் வெச்சது ஒண்ணு கூட இதுல இல்ல. அதுக்கு மொத வருசம் ஐப்பசில வெச்சதும் இல்ல. அந்த ஆனிக்கு அப்பால வெச்சது எதுவுமே இல்ல. ஆனில அழிச்சது மட்டும் கீது. மாசிக்கும் ஆனிக்கும் நடுவுல எவனோ எடுத்து வெச்சது இது. அப்போ செட்டு உன் கைலதான்டா இருந்துச்சி."

படிக்காதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த முட்டாள்தனத்துக்குத் தனியாக உதைக்க வேண்டும்.

சொல்லிவிட்டேன். பிரதி எடுத்தது, முப்பத்தோரு போட்டு, தப்பான வரி சொன்னது, டிரான்ஸ்மிட்டர், காலியான அலைவரிசை, எல்லாவற்றையும் சொன்னேன். சாட்டிலைட்டை அடைத்தது நேவிக்காரன் இல்லை, என் தெர்மாகோல் விமானம் என்பதையும் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் போன் பண்ணப்போ நீ எங்க இருந்த?" என்றான்.

"கல்லு மேல. கண்ணாடி மாட்டிகினு."

"ஏரோப்ளேன் மேல இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"என் போட்டு தெரிஞ்சிதா?"

இல்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "தெரிஞ்சிது. மஞ்சக் கூர. வட்டம் போட்டுகினு இருந்த."

"கப்பலு?"

"அதுவும் தெரிஞ்சிது. உனுக்கு எடது பக்கம், நூறு மீட்டர்ல."

செட்டை மடியில் வைத்துக்கொண்டான். "பாயிண்ட்டு போனத வுடு. தெரியாம சொன்ன. எடுத்து வெச்சிகினியே, அத்த கூட வுடு, உன் புத்தி அவ்ளோதான். போட்டுல என்னோட ஏழு பேருடா. ஒருத்தன ஏற்கெனவே கடல்ல வுட்டுட்டு வந்தவன்டா நானு. வலது பக்கம் திருப்பு, கப்பல் கீதுன்னு ஒரே ஒரு வார்த்த. அத்த சொல்ல உனுக்கு இன்னாடா கேடு?"

சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான், ஏரோப்ளேன் விஷயம் வெளியே வரும், போலீஸ் வரும். அதுதான் காரணம். அன்றைக்கு அந்த நிமிடத்தில் அதைத்தான் நான் நினைத்தேன். இதை அவனிடம் சொல்ல முடியவில்லை.

"மத்தவன் பாயிண்ட்ட எல்லாம் அழி. நான் பாக்கறேன்" என்றான். லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு போட்டின் பெயரையும் வாசித்து வாசித்து அழித்தேன். முப்பத்தொன்றும் முடிந்ததும் செட்டை லுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தான். சிவப்புக் கொடியை அழித்தானா, வைத்துக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது.

கடையை மூட வேண்டி வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வரவில்லை. ஜெகதீசன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்கு மாறாக, அன்று சந்தில் அவன் கத்தியதைக் கேட்டவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள், போன பாயிண்டைக் கூடப் பிராங்கிளின் தோண்டி எடுப்பான் என்று. புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். எண்ணூரிலிருந்துகூட ஒருத்தர் வந்தார். அவர்களிடம் நானும் உண்மையைச் சொல்லவில்லை.

ஜெகதீசன் போட்டு அடுத்த டிரிப் முடிந்து திரும்பி வந்த காலையில் ஏலம் விடுகிற இடத்துக்குப் போனேன். மீன் இருந்தது. கூடை கூடையாகச் சங்கரா இறங்கியது, வஞ்சிரம் ஒரு பக்கம் தனியாக அடுக்கியிருந்தார்கள். ரமாபாய் அம்மா சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு உயிர் வந்தது, அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று கூடைகளுக்கு நடுவே புகுந்தேன். ஐஸ் உடைக்கிற ஆட்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெகதீசன் போட்டின் மேலிருந்து என்னைப் பார்த்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து என்னை டேய், பிராங்கு என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாதவன்.

"டேய் பசங்களா, நவுருங்கடா" என்று ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டான். "சாருக்கு வழி வுடுங்க."

அவர்கள் விலகி வழி விட்டார்கள்.